யாரு யாருட்ட சொல்லுதா?

(தென்காசியில், சாரல் காலத்து மாலையொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மழைக்கு ஒதுங்க வந்து அப்படியே நாற்காலி பிடித்து உட்கார்ந்துவிட்டவர்களும் இங்கே இருக்கிறீர்கள்.

வாசலில் ஒட்டியிருக்கிற நோட்டீஸைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "அண்ணாச்சி, ஐந்தருவியில தண்ணி நல்லா விழுது. இந்த நேரத்துல இலக்கியக் கோட்பாடுன்னு கூப்பிட்டா யாரு வருவா?" நியாயமான கேள்விதான். தலைப்பு நான் வைத்ததில்லை. கோட்பாட்டை நம் வாசிப்பிலும் எழுத்திலும் பயன்படுத்துவது எப்படி என்று போட்டிருக்கிறார்கள். 'எப்படி' என்று முடிகிற தலைப்பைக் கண்டால் எனக்கு வாரப் பத்திரிகைச் சமையல் குறிப்புதான் ஞாபகம் வரும். கடுகைத் தாளிக்கச் சொல்வார்கள், கடுகு கருகினால் என்ன செய்வதென்று சொல்ல மாட்டார்கள். எனக்குக் கருகிய அனுபவம்தான் அதிகம். அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

1980களின் கடைசி. நான் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிது. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' 1982இல் வெளிவந்து, எங்கள் பக்கத்துக்கு ஜெராக்ஸ் பிரதியாக, அதுவும் நடுவில் எட்டுப் பக்கம் இல்லாமல், வந்து சேர்ந்திருந்தது. அந்த எட்டுப் பக்கத்தில்தான் எல்லா விளக்கமும் இருக்கிறது என்று நாங்கள் நம்பினோம். அமைப்பியல் வழியில் எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகப் பிரிக்கிற பித்து பிடித்துக்கொண்டது. மலையும் ஊரும். மேலும் கீழும். பச்சையும் வெந்ததும். அந்த வேகத்தில் குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிற ஒருவரைப் பற்றி ஒரு கதை எழுதினேன். எண்ணெய் ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம். அவருக்குப் பேர் கிடையாது, 'அவன்' மட்டும்தான். "மலை தன் எண்ணெயை இழந்துகொண்டிருந்தது. அவன் கைகளில் ஊர் வழுக்கியது" என்றெல்லாம் வரும். ஒரு சிற்றிதழில் அது அச்சாகியும் விட்டது.

அந்தப் பெருமையில் என் அத்தைக்கு அதை வாசித்துக் காட்டினேன். அத்தைக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் எங்கள் தெருவில் அவளைப்போலக் கதை சொல்ல ஆள் கிடையாது. வெற்றிலையை மடித்துக்கொண்டே முழுசாகக் கேட்டாள். முடித்ததும், "நல்லாத்தான் இருக்கு. இத யாரு யாருட்ட சொல்லுதா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு. "எழுதுனவன் வாசிக்கிறவன்கிட்ட சொல்லுதான் அத்தே."

"ரெண்டு பேரையும் காணலியே" என்றாள்.

இந்தப் பதிலின் எடை அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை. பதினைந்து, இருபது வருஷம் கழித்து, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்காகத் தொல்காப்பியத்தைப் புரட்டும்போதுதான் விழித்தேன். செய்யுளியலில் செய்யுளின் உறுப்புகள் என்று முப்பத்துநான்கைத் தொல்காப்பியர் அடுக்குகிறார். முதலில் மாத்திரை, எழுத்து, அசை, சீர் என்று ஓசைக் கணக்கு. நாம் பரீட்சைக்குப் படித்து, பரீட்சையோடு மறந்த பகுதி. அதைத் தாண்டிப் போனால் வேறொரு கூட்டம் நிற்கிறது: கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எங்கே, எப்போது, எதற்காக, எதைச் சொல்லாமல் விடுகிறார். இன்னார் இன்னாரிடம் சொல்வது இது என்று நாம் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறோம். அத்தை கேட்டது கூற்றும் கேட்போரும். மேற்கே போன நூற்றாண்டில் கதைசொல்லி, பிரதி மனசில் வைத்துப் பேசுகிற 'உள்ளுறை வாசகன்' என்று பெரிய பெரிய புத்தகங்கள் எழுதிக் கட்டிய வீட்டுக்கு, நம்மூரில் அஸ்திவாரம் எப்போதோ போட்டுக் கிடக்கிறது. 'எல்லாம் அன்றே தமிழில் இருக்கிறது' என்று மார் தட்டுகிற கட்சியில் நான் இல்லை. அஸ்திவாரத்தின் மேல் அவர்கள் வீடு கட்டினார்கள், நாம் அதன் மேல் வற்றல் காயப்போட்டோம். வித்தியாசம் அவ்வளவுதான்.

இனி, இந்த மண்ணில் கோட்பாட்டை நிஜமாகவே கையிலெடுத்து வாசித்த ஒருவரிடம் வருகிறேன். ஐந்தருவிச் சாலையில் அவர் நினைவிடம் இருக்கிறது. அருவிக்குப் போகிற அவசரத்தில் முக்கால்வாசிப் பேர் அதைக் கவனிப்பதில்லை. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார். 1882இல் பிறந்தவர். சட்டம் படித்தவர், சென்னைச் சட்ட மேலவையில் இருந்தவர், 1930 முதல் 1935 வரை இந்து அறநிலையத் துறை ஆணையர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டு முற்றம் வட்டமாக இருந்தது. அதில் கூடிப் பாட்டுப் படித்தவர்களுக்கும் அதுவே பேராகி, 'வட்டத்தொட்டி' ஆயிற்று. பிற்காலத்தில் குற்றாலத்துக்கே குடிவந்தார். ராஜாஜி வந்தார், கல்கி வந்தார், நீதிபதி மகராஜன் வந்தார். வந்தவர்களுக்கு அருவியும் சாப்பாடும் கம்பனும் கிடைத்தன. 1954இல் இங்கேயே மறைந்தார்.

ரசிகமணி என்ற பட்டம் அவருக்கு ஒரு கெடுதலும் செய்தது. சும்மா அனுபவித்தவர், ஆராய்ச்சி கீராய்ச்சி அறியாதவர் என்று ஒரு எண்ணம் தங்கிவிட்டது. பிறகு வந்த நவீன விமர்சகர்கள் 'ரசனைக்காரர்' என்று சொன்னபோது அதில் கொஞ்சம் இளக்காரமும் இருந்தது. என் கணக்கில் அவர் காலத்துத் தமிழில் அவரைப்போல இறுக்கமான கோட்பாட்டோடு வாசித்தவர் குறைவு. கவிதை என்றால் உணர்ச்சி ஒன்று இருக்க வேண்டும். அந்த உணர்ச்சிக்கென்றே பிறந்த உருவம் வேண்டும். அது வாயில் தமிழாகப் பேச வேண்டும், தாளத்தில் நிற்க வேண்டும். நாலு விதி. இதில் ஒன்று குறைந்தாலும் அது அவருக்குச் செய்யுள்தான், கவி இல்லை.

அவர் பதிப்பித்த பக்கங்களைப் பாருங்கள். பழைய அச்சில் ஒரு விருத்தம் நாலு நீள வரியாக, சந்தியெல்லாம் ஒட்டிக்கொண்டு, கருங்கல் மதில் மாதிரி நிற்கும். டி.கே.சி. சந்தியைப் பிரித்தார். மூச்சு நிற்கிற இடத்தில் வரியை மடக்கினார். எந்தச் சொல்லில் குரல் ஏறுகிறது, எங்கே ஒரு வினாடி காத்திருக்க வேண்டும் என்பது அச்சைப் பார்த்தாலே தெரியும். உரையாசிரியர் நாலு பக்கம் எழுதிச் செய்வதை அவர் ஓர் இடைவெளி விட்டுச் செய்தார். ஒரு வாசகர் தன் காதைக் காகிதத்தில் இறக்கி வைத்தது அது. முத்தொள்ளாயிரப் பாட்டை அப்படி மடக்கிப் படித்த பிறகு வேறு மாதிரி படிக்க எனக்கு வரவில்லை.

அதே காதுதான் அவரைச் சறுக்கவும் வைத்தது. கம்பராமாயணத்தில் இடைச்செருகல் உண்டு என்பது அறிஞர்கள் பொதுவில் ஒப்புக்கொண்ட சங்கதி. எது செருகல் என்று தீர்மானிப்பதில்தான் வழக்கு. இதே நெல்லைச் சீமையைச் சேர்ந்த வையாபுரிப் பிள்ளை ஏடுகளை ஒப்பிடுகிற வழியில் போனவர். டி.கே.சி. நம்பியது காதை. இதில் ஜீவன் இல்லை, ஆகவே இது கம்பர் பாட்டில்லை. இந்தச் சொல் உறுத்துகிறது, ஆகவே கம்பர் வேறு சொல்தான் போட்டிருப்பார். 'கம்பர் தரும் ராமாயணம்' வந்தபோது படித்தவர்கள் சொக்கினார்கள், புலவர்கள் கொதித்தார்கள். இரண்டு தரப்பும் சரி என்பதுதான் இதிலுள்ள சங்கடம்.

புலவர்களின் கோபம் என் கவலையில்லை. எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு ஒரு நஷ்டம் இருக்கிறது, அதைச் சொல்கிறேன். நல்ல பாட்டெல்லாம் கம்பன், சுமாரானதெல்லாம் வேறு எவனோ என்றால், கம்பன் ஒரு நாளும் சறுக்காதவனாகிவிடுகிறான். சறுக்காதவனிடம் நான் என்ன கற்றுக்கொள்வது? பத்தாயிரத்துக்கு மேல் பாட்டுக் கட்டிய ஒருவன் எங்கே அசந்தான், எங்கே வாய்பாட்டுக்காகச் சொல்லை அடைத்தான், அடுத்த பாட்டில் எப்படி எழுந்தான் என்பதல்லவா எனக்குப் பாடம்? டி.கே.சி.யின் கோட்பாடு அவருடைய வாசிப்பைக் கூர்மையாக்கிய வரைக்கும் பொன். மூலத்தின் மேல் கத்தியாக இறங்கியபோது, தன்னை மறுத்துப் பேசக்கூடிய சாட்சிகளையே அது வெட்டிவிட்டது. இன்னொரு வேடிக்கை: அவர் அத்தனை கொண்டாடிய முத்தொள்ளாயிரம் நமக்கு முழுசாகக் கிடைக்கவில்லை. அதன் பாடல்கள் பெரும்பாலும் புறத்திரட்டு என்ற தொகைநூலின் வழியாகப் பிழைத்து வந்தவை. அந்தப் புறத்திரட்டை ஏடு பார்த்து 1938இல் பதிப்பித்தவர் வையாபுரிப் பிள்ளை. காது ருசிப்பதற்கும் யாராவது ஏடு சுமக்க வேண்டியிருக்கிறது.

காதை எவ்வளவு நம்பலாம் என்ற கேள்விக்கு ஒரு பழைய பதில் உண்டு. கேம்பிரிட்ஜில் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் ஒரு சோதனை செய்தார். ஆசிரியர் பெயரை எடுத்துவிட்டுக் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து விமர்சனம் எழுதி வாங்கினார். 1929இல் அது புத்தகமாக வந்தது. பெயர் இல்லையென்றதும் நன்றாகப் படித்த பிள்ளைகள்கூடத் தடுமாறின. எங்கோ கேட்ட அபிப்பிராயத்தை எடுத்து ஒட்டின. அந்தச் சோதனையில் பரீட்சை எழுதியது கவிதை இல்லை, வாசகன். கோட்பாட்டுக்கு அதைவிட நல்ல வேலை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம் வட்டத்தொட்டியில் அப்படி ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுண்டு.

இப்போது என் வாசிப்பையே பரீட்சைக்கு உட்கார வைக்கிறேன். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு பஸ் ஏறினால் வழியில் மேலகரம். திரிகூடராசப்பக் கவிராயர் ஊர். அவருடைய குற்றாலக் குறவஞ்சியில், குரங்கும் அருவியும் சூரியன் தேரும் வருகிற அந்த மலைப் பாட்டு இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் மனப்பாடம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அது 'இயற்கை வருணனை'. சுற்றுலாக் கட்டுரை எழுதுகிற எவரும் அதைத்தான் முதலில் தூக்கிப் போடுவார்கள். நானும் முப்பது வருஷம் அப்படித்தான் நடத்தினேன். 'கவிஞர் குற்றால மலையின் வளத்தை அழகுறப் பாடுகிறார்.' ஐந்து மதிப்பெண்.

கவிஞர் எங்கே பாடுகிறார்? அத்தை கேள்வியைப் போடுங்கள். சொல்கிறவள் சிங்கி, குறி சொல்லிப் பிழைக்கிற குறத்தி. கேட்கிறவள் வசந்தவல்லி. களன், வசந்தவல்லி வீடிருக்கிற தெரு. காலம்தான் முக்கியம். பவனி வந்த குற்றாலநாதரைப் பார்த்து மனசைப் பறிகொடுத்து, சந்தனம் சுடுகிறது நிலா சுடுகிறது என்று அவள் தவித்து முடித்த நேரம். உன் மலையைப் பற்றிச் சொல் என்கிறாள். பயன் என்ன? கூலி. முதலில் வாயைக் கட்ட வேண்டும், பிறகு கையைப் பார்க்க வேண்டும்.

இந்த ஐந்தையும் வைத்துக்கொண்டு பாட்டுக்குள் போங்கள். முதலில் வருகிற காட்சி, ஆண் குரங்கு பெண் குரங்குக்குப் பழம் கொடுத்துக் கொஞ்சுவது. பள்ளிப் புத்தகத்தில் அது வனவிலங்கு. பிரிவில் வாடுகிற ஒரு பெண்ணின் காதில் அது வேறு. உன் ஆள் இருக்கிற மலையில் குரங்குக்குக்கூட ஜோடி கூடியிருக்கிறது என்கிற சேதி. சிங்கிக்கு இவள் நிலை தெரியுமா? பாட்டுப்படி இன்னும் தெரியாது. நமக்குத் தெரியும். குறி சொல்கிறவளுக்குக் கண் சும்மா இருக்குமா என்பதும் நமக்குத் தெரியும்.

அடுத்தது, மந்தி சிந்திய பழத்துக்கு மேலே இருக்கிறவர்கள் கெஞ்சுவது. அங்கே கவிராயர் 'கவி' என்ற சொல்லைப் போடுகிறார். வானத்துத் தேவர் என்று பொருள் சொல்லிக்கொடுத்தேன். கவி என்றால் குரங்கு என்றும் உண்டு, புலவன் என்றும் உண்டு. சிந்தினது கிடைக்காதா என்று கையேந்தி நிற்கிறது யார்? மதுரை நாயக்கர்களில் முத்து விஜயரங்க சொக்கநாதர் காலத்தில் இந்தக் கவிராயருக்கு நிலம் மானியமாகக் கிடைத்தது, குறவஞ்சிமேடு என்றே அதற்குப் பேர். மானியம் வாங்குகிற வர்க்கத்து மனிதர் தன் வர்க்கத்தையே ஒரு கிளையில் உட்கார வைத்துக் கேலி செய்கிறாரா? அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்ட பிறகு பாட்டு பழைய பாட்டாக இல்லை.

பிறகு சூரியன் குதிரைக்கும் தேருக்கும் கால் வழுக்குகிற இடம். 'உயர்வு நவிற்சி அணி' என்று எழுதி அடிக்கோடிட்டுவிட்டுப் போய்விடுவோம். பேரருவிக்குக் கீழே நிற்கிற பாறையில் காலை வைத்துப் பாருங்கள். பாசி கொஞ்சம். குளிக்கிறவர்கள் தலையிலிருந்து இறங்கின எண்ணெய் கொஞ்சம். கம்பியைப் பிடிக்காமல் நிற்க ஆகாது. குற்றாலத்துக்காரனுக்கு நாள்தோறும் பழகிப்போன வழுக்கல் அது, யாரும் அதைக் கவனிப்பதில்லை. பழகிப்போனதை எடுத்து வேறிடத்தில் வைத்துப் பளிச்சென்று தெரியவைப்பதுதான் கலை என்று ருஷ்யாவில் ஷ்க்ளோவ்ஸ்கி 1917இல் எழுதினார். கவிராயர் அந்தப் பாசிப் பாறையை அப்படியே தூக்கி ஆகாயத்தில் வைத்துவிட்டார். நமக்கு வழுக்கினது சூரியனுக்கும் வழுக்குகிறது.

கடைசியில் சிங்கி, பிறை சூடியவருடைய மலை 'எங்கள்' மலை என்கிறாள். இந்த ஒரு சொல்லில்தான் நான் விழுந்தேன். தமிழில் 'நம்' வேறு, 'எங்கள்' வேறு. 'நம்' என்றால் கேட்கிறவளையும் சேர்த்துக்கொள்ளும். 'எங்கள்' அவளை வெளியே நிறுத்தும். அந்த மலைக்காரனுக்காக உருகிக்கொண்டிருக்கிற பெண்ணைப் பார்த்து, தெருவில் நிற்கிற ஒரு குறத்தி, அது எங்களுடையது என்கிறாள். மாளிகைக்காரி ஏக்கத்தில் நிற்கிறாள், கூடைக்காரி உரிமையில் நிற்கிறாள். முப்பது வருஷம் மனப்பாடமாகச் சொல்லியும் எனக்கு இது காதில் விழவில்லை. விழவைத்தது காது இல்லை, கேள்வி. இதே கவிராயர்தான் குற்றாலத் தலபுராணமும் பாடினார். அதே மலைதான். சொல்கிற ஆள் மாறியதும் மலையே வேறாகிவிடுகிறது, இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள்.

கோட்பாட்டுச் சண்டைகளைப் பற்றியும் சொல்லச் சொன்னார்கள். சுருக்கமாகவே சொல்கிறேன், அந்தப் புகை நிறையச் சுவாசித்தாயிற்று. 1959இல் சி.சு. செல்லப்பா 'எழுத்து' தொடங்கி, அலசல் விமர்சனம் என்று கவிதையைச் சொல் சொல்லாகப் பிரித்தார். இலங்கையிலிருந்து கைலாசபதியும் சிவத்தம்பியும் சமூகத்தைக் கொண்டுவந்து பாட்டின் பக்கத்தில் நிறுத்தினார்கள். எண்பதுகளில் அமைப்பியல், பிறகு பின்அமைப்பியல். ரோலன் பார்த் 1967இல் ஆசிரியன் இறந்துவிட்டான் என்று எழுதினது நம் சிற்றிதழ்களுக்கு இருபது வருஷம் கழித்து வந்து சேர்ந்தது. தந்தி கொஞ்சம் தாமதம். கவிஞர் கலாப்ரியா முன்னின்று குற்றாலத்தில் 'பதிவுகள்' கூட்டங்கள் நடத்தினார், தமிழ்க் கவிஞர்கள் பகலெல்லாம் வாதாடிவிட்டு அருவியில் போய் நின்றார்கள். தலைக்கு மேல் அத்தனை தண்ணீர் விழும்போது யாருக்கும் யாரோடும் கருத்து வேறுபாடு இருக்காது. ஊருக்குப் போன பிறகு பத்திரிகையில் திட்டிக்கொள்வார்கள்.

எழுத்துக்கு வருகிறேன். டி.கே.சி. கதை எழுதவில்லை. ஆனால் அவர் காது இரண்டு பேருடைய பேனாவில் இறங்கியது. இடைசெவலிலிருந்து கு. அழகிரிசாமியும் கி. ராஜநாராயணனும் இங்கே அவரைத் தேடி வந்தவர்கள். பேசுகிற தமிழுக்கு உயிர் இருக்கிறது, எழுதுகிறவன் அதற்குக் கூச்சப்படக் கூடாது என்பது டி.கே.சி. கொள்கை. கி.ரா. அதைக் கொள்கையாக வைத்திருக்கவில்லை. ஊருக்குப் போய், மாட்டுக்குச் சொல்கிற சொல், மழைக்குச் சொல்கிற சொல், வசவு என்று சேர்த்தார். 1982இல் அவருடைய கரிசல் வட்டார வழக்கு அகராதி வந்தது. தமிழவனின் புத்தகம் வந்த அதே வருஷம். நான் ஜெராக்ஸை வைத்துக்கொண்டு இல்லாத எட்டுப் பக்கத்தைத் தேடினேன், அகராதி பக்கத்திலேயே கிடந்தது. அழகிரிசாமி வேறு வழியில் போனார். அண்ணாமலை ரெட்டியார், இந்தா இருக்கிற சென்னிகுளத்துக்காரர், அவருடைய காவடிச் சிந்தைப் பதிப்பித்தார், கம்பன் பதிப்பு வேலையிலும் இருந்தார். ஆனால் அவர் சிறுகதையில் ஒரு வரிகூடப் பாட்டாக ஒலிக்காது, அவ்வளவு அடக்கம். ஒரே குருவிடம் கேட்ட இரண்டு பேரும் இரண்டு மாதிரி எழுதினார்கள்.

என் எண்ணெய்க் கதையை ஐந்தாறு வருஷத்துக்கு முன் திரும்ப எடுத்தேன். இந்தத் தடவை மலை × ஊர் என்று கோடு போடவில்லை. ஒரே கேள்விதான்: இவர் இதை யாரிடம் சொல்கிறார்? மனைவியிடம் சொல்வதாக எழுதிப் பார்த்தேன், புலம்பலாகப் போயிற்று. இன்னொரு எண்ணெய்க்காரரிடம் என்றால் பாதி சொல்லவே வேண்டியதில்லை, அவருக்கே தெரியும். கடைசியில், தண்ணீர் வரத்துக் கூடினால் விசில் அடித்துக் கூட்டத்தை வெளியேற்றுகிற போலீஸ்காரரிடம் சொல்ல வைத்தேன். கதை தன்னால் பேச ஆரம்பித்தது:

"சார், நான் அவர விரட்டல. பாதி முதுகுதான் தேச்சிருந்தேன். நீங்க விசில் அடிச்சீங்க, எல்லாரும் ஓடுனாங்க, அவரும் ஓடுனாரு. எங்கிண்ணத்தையும் கையில வச்சுக்கிட்டே ஓடிட்டாரு."

பழைய வரியில் நான் நுழைக்கப் பார்த்ததெல்லாம், எண்ணெய், தண்ணீர், வழுக்கல், மேலே இருக்கிறவன் கீழே இருக்கிறவன், இதில் தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் ஒன்றும் செய்யவில்லை. போலீஸ்காரர் முன்னால் நின்றதும் அவர் எதையோ மறைக்கிறார் என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. கிண்ணத்தோடு ஓடியவரின் கைக்கடிகாரம் இவர் மடியில் இருக்கிறது. தேய்க்கும்போது நனையாமல் இருக்கக் கழற்றிக் கொடுத்தது. அதைப் பற்றிக் கதை முழுக்க அவர் வாயே திறக்கவில்லை. தொல்காப்பியர் எச்சம் என்று சொன்னது இதுதானா என்று பண்டிதர்கள் சண்டைக்கு வரலாம். எனக்கு அந்தச் சொல் அந்த இடத்தில் உதவியது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்தக் கேள்விகளை முதல் தடவை எழுதும்போது பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள், பேனா நகராது. நான் முதல் பிரதியைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டு, பத்து நாள் அலமாரியில் போட்டு, அப்புறம் வேறு ஆள் மாதிரி வந்து கேட்பேன். பத்து நாளைக்குள் எடுத்தால் நான் இன்னும் அதே ஆளாகவே இருப்பேன், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும்.

மழை விட்டுவிட்டது போலிருக்கிறது, சிலர் குடையைத் தேடுகிறீர்கள். இன்னும் ஒன்று சொல்லி இறங்குகிறேன்.

இந்த ஊர்க் காசி விசுவநாதர் கோயில் 1446இல் பராக்கிரம பாண்டியன் தொடங்கியது. கோயிலில் அவன் பாடல்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். கோயில் கட்டின ராஜா தன் வீரத்தைச் சொல்வான், வம்சத்தைச் சொல்வான், கெடுத்தவன் நரகத்துக்குப் போவான் என்பான். இவன் ஒரு பாட்டில் வேறொன்று சொல்கிறான். காலப்போக்கில் இந்தக் கோயிலுக்குச் சிதைவு ஏதும் வந்தால், அப்போது வந்து இதைச் செப்பனிடுகிறவர் எவரோ, அவர் அடியில் இப்போதே விழுந்து வணங்குகிறேன். ராஜா எழுதிய பாட்டு, ஆனால் கேட்போர் சாமியும் இல்லை, சபையும் இல்லை. இன்னும் பிறந்திராத ஒரு ஆள். உள்ளுறை வாசகன் என்று வகுப்பெடுக்கிறவர்கள் ஒரு தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து இந்தக் கல்லைக் காட்டலாம்.

ராஜகோபுரம் சிதைந்துதான் போயிற்று. எங்கள் சின்ன வயசில் அது பிளந்த மொட்டைக் கோபுரம். சிவந்தி ஆதித்தனார் முன்னின்று திருப்பணி நடந்து 1990இல் குடமுழுக்கு ஆயிற்று. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் அத்தையைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். வாசலில் வழக்கம்போலக் காற்று ஆளைத் தள்ளியது. அந்தப் பாட்டின் பொருளை அவளுக்குச் சொன்னேன். அவள் கேள்வியை அவள் கேட்பதற்குள் நானே முந்திக்கொண்டு, ராஜா யாரிடம் சொல்கிறான் தெரியுமா என்றேன்.

அத்தை பதில் சொல்லவில்லை. ஓரமாகச் சாரம் பிரித்துக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். செருப்பில்லாத காலெல்லாம் முழங்கால் வரை சிமெண்ட் அப்பி வெளுத்திருந்தது.

"அப்போ, இவங்க கால்லயா ராசா விழுந்தாரு?" என்றாள்.